பழைய மருந்து

மார்க்வெட்
அக்டோபர் 24, 1983

ஆர்வோ,

நீ இந்நேரம் தெற்கே பாதி தூரம் போயிருப்பாய் என்று நினைத்துத்தான் எழுதாமல் இருந்தேன். இன்று காலை வைனோ வந்து சொன்னான். நீ எங்கேயும் போகவில்லையாம். ஏரிக்கரை முகாமுக்கே திரும்பி, அதே மரத்தடியில் வண்டிவீட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாயாம். கடிதம் இருந்தால் கொடுங்கள், அந்தப் பக்கம்தான் எனக்குச் சாலை வேலை, தபால்காரன் அங்கே போகமாட்டான் என்றான். என் தங்கை இம்பியின் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால், நான் பெட்டியோடு இங்கே வந்தது முதல் எல்லாவற்றையும் அவன் பார்த்துவிட்டான். அது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் நான் பெட்டியோடு இறங்கி நின்றதை நீ கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. நீ டேங்கை மூடிவிட்டு வந்து, "ஏறு, இருட்டறதுக்குள்ள பாலத்தத் தாண்டணும்" என்றாய். என் கால் ஏறவில்லை. அவ்வளவுதான். நீ "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லி வண்டியை எடுத்தாய்.

வீட்டை விற்று நாலு குளிர்காலம் ஆகிவிட்டது. நாலையும் அரிசோனாவில் அந்த வண்டிவீட்டுப் பெட்டிக்குள் கழித்தேன். நீ சமைக்கும் மேசைக்குப் பக்கத்தில் வந்தால் நான் படுக்கையில் ஏறி உட்கார வேண்டும். நான் எழுந்தால் நீ நகர வேண்டும். ஐந்தாவது என்னால் முடியாது.

இம்பி தன் தையல் அறையை எனக்குக் கொடுத்திருக்கிறாள். நீ தனியாகப் போவதென்றால் போ. நான் தடுக்கவில்லை. என் பனிக்காலணி படுக்கைக்கு அடியில் இருக்கிறது. அதை மட்டும் வைனோவிடம் கொடுத்தனுப்பு.

ஹெல்மி

*

ஏரிக்கரை முகாம்
அக்டோபர் 30

ஹெல்மி,

காலணி அனுப்பியிருக்கிறேன். உன் கம்பளிச் சட்டையும் உள்ளே இருக்கிறது. கேட்கவில்லை, ஆனாலும் வைத்தேன்.

நான் தனியாகப் போக மாட்டேன். இருவர் போகிற பயணம் அது. மான் வேட்டைக் காலம் தொடங்கும்வரை இங்கே இருப்பேன். அதற்குள் உனக்கு இம்பி வீடு அலுத்துவிடும். உங்கள் இருவரையும் எனக்குத் தெரியும்.

முகாம்காரர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "ஆர்வோ, இங்க பனி விழுந்தா யாரும் வரமாட்டாங்க, தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன்.

ராத்திரியில் இப்போதே வாளித் தண்ணீர் மேலே கெட்டியாகிறது. அதனால் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க மருந்து விட்டுவிடப் போகிறேன். நல்லவேளை, வடக்கே திரும்பும் வழியின் குளிருக்காகக் குழாயில் விட்டு, வசந்த காலத்தில் நாம் திரும்பப் பிடித்து வைத்த ரோஸ் மருந்து ஆறு கேனும் அப்படியே இருக்கிறது. வெயில் படாமல் வைத்திருந்தேன், நிறம் கொஞ்சமும் போகவில்லை. உறையாமல் காப்பது அதன் வேலை, குழாய்க்குள் சும்மா கிடந்துவிட்டு வந்த திரவம் எப்படிக் கெட்டுப்போகும்? கொட்டுவதற்கு எனக்கு மனசு வராது.

ஒரு சிரமம்தான். கேனுக்குள் குழலை விட்டுப் பம்பைப் போட்டால், மருந்து வந்து சேர்ந்ததா என்று ஒவ்வொரு குழாயிலும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். முன்பு நான் கேட்பேன், "வந்துடுச்சா?" நீ உள்ளிருந்து, "வரல." "இப்ப?" "வரல." "இப்ப?" "வந்துடுச்சு, போதும், நிறுத்துய்யா." இப்போது நானே பம்புக்கும் குழாய்க்கும் ஓட வேண்டும்.

ஆர்வோ

*

மார்க்வெட்
நவம்பர் 6

ஆர்வோ,

காலணியும் சட்டையும் வந்தன. சட்டையை இரண்டு நாள் தொடவில்லை. பிறகு போட்டுக்கொண்டேன், இம்பி வீட்டில் விறகை எண்ணித்தான் போடுவாள்.

அந்த மருந்தை விடாதே.

வாளியைப் பிடித்தவள் நான். வசந்த காலத்தில் நீ வெளியே நின்று தண்ணீரைத் திறந்துவிட்டாய். முதலில் நல்ல ரோஸாக வந்தது. அப்புறம் வெளிறியது. நான், "போதும்யா, தண்ணி கலந்துடுச்சு" என்று கத்தினேன். நீ, "நிறம் இருக்குல்ல? பிடி, பிடி" என்றாய். பிடித்தேன். துவைத்த துணியின் கடைசி அலசல் மாதிரி இருந்தது அது. அதற்கு முந்தின வருஷமும் இதையேதான் செய்தோம். ஆக, நீ இப்போது விடப்போவது ஏற்கெனவே இரண்டு முறை தண்ணீர் கலந்தது. சாயம் துளி இருந்தாலும் தண்ணீர் ரோஸாகத்தான் தெரியும். நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நம்பாவிட்டால், ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு டம்ளர் எடுத்து வெளியே வை. காலையில் பார்.

இதை எழுதுவதற்கு முன்பு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இம்பியிடம் நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "சும்மா இரு, அக்கா. வெடிக்கட்டும். குழாய் வெடிச்சா வண்டி போச்சு, வண்டி போச்சுன்னா அத்தான் ஒரு வீட்டுக்கு வந்துதான ஆகணும்" என்றாள். நான் அறைக்குப் போய்ப் படுத்தேன். அவள் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் படுத்திருந்தேன். பிறகு எழுந்து வந்து இதை எழுதுகிறேன்.

இம்பி வீடு அலுக்குமா என்று எழுதியிருந்தாய். அலுத்துவிட்டது. இங்கேயும் நான் கால் நீட்டினால் துணி மாட்டும் தையல் பொம்மை மேல் இடிக்கிறது. அதனால் உன்னிடம் வந்துவிடுவேன் என்று கணக்குப் போடாதே.

ஹெல்மி

*

ஏரிக்கரை முகாம்
நவம்பர் 17

ஹெல்மி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே மருந்து விட்டாகிவிட்டது. மிச்சம் ஒரு கேன் இருந்தது. அதிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து வெளியே வைத்துப் பார்த்தேன். காலையில் கூழாக இருந்தது. ஐஸ் இல்லை, கூழ்தான். கரண்டியை விட்டால் உள்ளே போகிறது. கூழ் குழாயை உடைக்காது, நகர்ந்து கொடுக்கும். ஆகவே பயமில்லை.

இன்னும் கடுங்குளிர் வரவில்லை என்று நீ சொல்வாய். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

புயல் செய்தி உனக்குத் தெரிந்திருக்கும். வேட்டைக்காரர்கள் நால்வர் வந்தார்கள், பனியைப் பார்த்துவிட்டு அன்றே ஓடிவிட்டார்கள். நானும் ஊர்ப்பக்கம் வந்துவிடலாம் என்று வண்டிவீட்டை லாரியோடு பூட்டினேன். பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்ததுதான் மிச்சம். இப்போது லாரி ஜன்னல்வரை மூடிக்கிடக்கிறது. நெடுஞ்சாலையை வைனோ சுத்தம் செய்கிறான், முகாம் பாதை அவன் பொறுப்பில் இல்லை. அவனுக்கு நேரம் இருக்கும்போது பனிச்சறுக்குப் பலகையில் நடந்து வந்து கடிதத்தை வாங்கிப்போகிறான். வசந்தம்வரை நான் இங்கேதான்.

வாழ முடியாமல் இல்லை. ஏரியில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிறேன். நம் சவுனா, அந்த நீராவிக் குளியல் இல்லாததுதான் கஷ்டம். சனிக்கிழமை வந்தால் உடம்பு தானாகத் தேடுகிறது.

ஒன்று கேட்கிறேன். நாலு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டு, பெட்ரோல் போடும் இடத்தில் இறங்கி நிற்பது நியாயமா? சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்பேன்.

ஆர்வோ

*

மார்க்வெட்
நவம்பர் 25

ஆர்வோ,

சொன்னேன்.

இரண்டாவது குளிர்காலம். தொடர்ந்து மழை பெய்த வாரம். நீ பழைய தாமிரச் சுரங்கத்தின் குழியைப் பார்க்க வேண்டுமென்று லாரியை எடுத்துக்கொண்டு போனாய். நான் உள்ளேயே இருந்தேன். ஒரு ஜன்னலைத் திறந்தால் அடுத்தவர் வண்டியின் சுவர். இன்னொன்றில் கழிவுநீர்க் குழாய். இருட்டும்போது நீ வந்தாய், குழி எவ்வளவு ஆழம் என்று சொல்லிக்கொண்டே சூப்பைக் குடித்தாய். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆர்வோ, எனக்கு இங்க மூச்சு முட்டுது" என்றேன்.

நீ உடனே எழுந்து போய், கூரையிலிருந்த காற்றுத் திறப்பைத் திருகித் திறந்துவிட்டு, "இப்ப சரியா இருக்கும்" என்றாய்.

மழைச்சாரல் மேசையில் விழுந்தது. நான் அதைத் துடைத்தேன். அதற்கு மேல் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நேற்று நன்றி தெரிவிக்கும் பண்டிகை. இம்பி வான்கோழி வைத்தாள். அவளுடைய தேவாலயத்து ஆட்கள் என்னைப் பார்த்து, "வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். நல்லா இருக்கார் என்றேன். ஒவ்வொரு முறையும் உன் கூழ் நினைவுக்கு வந்தது.

வைனோவிடம் புது மருந்து கொடுத்தனுப்புகிறேன், எத்தனை கேன் அவனால் சறுக்குவண்டியில் இழுக்க முடியுமோ அத்தனை. முதலில் பழையதை எல்லாம் வெளியே வடித்துவிடு. அடிக்குழாயின் மூடியைக் கழற்று. எல்லாக் குழாயையும் திறந்து வை. சொட்டு நின்றபிறகு புதியதை விடு. முதலில் வருவதைப் பிடித்து வைக்காதே. கொட்டு. தயவுசெய்து கொட்டு. நல்ல அடர்ந்த ரோஸாக வரும்வரை கொட்டு. கழிப்பறையின் தண்ணீர் மிதிகட்டையையும் மிதித்துப் பார், நீ அதை எப்போதும் மறப்பாய்.

அந்த வண்டியில் நான் இனி ஏற மாட்டேன். மருந்து அனுப்புவதால் மனம் மாறிவிட்டதாக நினைக்காதே. நீ அதற்குள் படுத்திருக்கிறாய், அதற்காக அனுப்புகிறேன்.

ஹெல்மி

*

ஏரிக்கரை முகாம்
டிசம்பர் 9

ஹெல்மி,

கடிதத்தை வைனோ முன்பே கொடுத்தான், மருந்து அவனுடைய அடுத்த நடையில்தான் வந்தது. தாமதமாக வந்தது. வைனோ மேல் தப்பில்லை, குளிர் முந்திக்கொண்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடுங்குளிர் இறங்கிய அன்று சாயங்காலம் ஹீட்டரின் விசிறி நின்றது. பேட்டரி செத்துவிட்டது. அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நீலமாக ஒடுங்கி அணைந்தது. உருளையில் கேஸ் இருக்கிறது, ரெகுலேட்டர் உறைந்துவிட்டது. வெளியே போய்ச் சூடான துணி சுற்றலாமென்று கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. காற்று பனியை வாரிக் கதவோடு அடைத்திருந்தது, கூரையிலிருந்து வழிந்தது அதன்மேல் ஐஸாகப் பிடித்திருந்தது. தோளால் இடித்தேன். ஜன்னல் கைப்பிடி திருகும்போது கையோடு வந்துவிட்டது.

இரண்டு படுக்கையின் கம்பளிகளையும் போர்த்திக்கொண்டு உன் படுக்கையில் படுத்தேன். அந்தப் பக்கம்தான் காற்று குறைவு. ராத்திரி சுவருக்குள் ஒரு சத்தம். கைவிரலைச் சொடுக்கியது மாதிரி, சின்னதாக. என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது.

மறுநாள் முழுக்க அப்படியே கிடந்தேன். செய்ய ஒன்றுமில்லை. எழுந்தால் நாலு அடி, திரும்பினால் நாலு அடி. மல்லாந்து படுத்தால் கண்ணுக்கு நேரே அந்தக் கூரைத் திறப்பு. உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. நான் உனக்குத் திறந்துவிட்டது இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு தலை நுழையாத ஓட்டை.

அதற்கடுத்த நாள் வெளியே மண்வெட்டிச் சத்தம்.

"பெரியவரே, உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். கதவ உடைச்சிடாத, கீல் புதுசு."

"கீலுக்கு இப்ப என்ன கவலை?" என்றான் வைனோ. வெட்டிக்கொண்டே திட்டினான். என்னைத் திட்டினானா பனியைத் திட்டினானா தெரியவில்லை.

அவன் ரெகுலேட்டரைச் சரிசெய்து, தன் லாரியின் பேட்டரியைக் கொண்டுவந்து பூட்டி ஹீட்டரை ஓட்டினான். உள்ளே சூடு ஏற ஏற, உன் படுக்கைக்குப் பின்னால் சுவரிலிருந்து ரோஸாகக் கசிந்தது. மெத்தை நனைந்துவிட்டது. நீ சொன்னதுதான் சரி. அலசல் தண்ணீர் அது. அங்கே குழாய் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது.

அந்தத் துண்டை அறுத்து இரண்டு பக்கமும் அடைத்துவிட்டேன். பழையதை எல்லாம் வடித்துவிட்டு, நீ அனுப்பியதை மற்றக் குழாய்களுக்கு விட்டேன். வைனோ சிங்க் அருகில் நின்று பார்த்தான். "வந்துடுச்சா?" என்று கேட்டேன். அவன், "என்ன வரணும்?" என்றான்.

முதலில் வந்ததைக் கொட்டினேன். கழிப்பறையையும் மிதித்தேன்.

என் காலில் லேசாகக் குளிர் பிடித்திருக்கிறது. ஒன்றுமில்லை.

ஆர்வோ

*

மார்க்வெட்
டிசம்பர் 13

ஆர்வோ,

ஒன்றுமில்லையா? இடது காலில் இரண்டு விரல் கறுத்திருக்கிறது என்று வைனோ சொல்கிறான். டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "வண்டிய யாரு பாத்துக்கறது?" என்று கேட்டாயாம். அவன் என் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று இதைச் சொல்லும்போது, நான் அவனைத் திட்டிவிட்டேன். பாவம், பிறகு காபி கொடுத்தேன்.

முதலில் டாக்டர். மற்றதெல்லாம் பிறகு.

இம்பி வீட்டுக்குப் போனபோது உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளாகவே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெடிச்சிடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் சந்தோஷப்படவில்லை. அடுப்பில் இன்னொரு கட்டை வைத்தாள். நானும் சந்தோஷப்படவில்லை. குழாய் உடைந்தால் எனக்கு விடுதலை என்று நினைத்திருந்தேனே, அந்த இரண்டு நாளும் நீ உள்ளே கிடந்தது எனக்குத் தெரியாமல் நான் இங்கே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

மாவு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்றாம் தெரு பேக்கரியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலையில் பாஸ்டிக்கு இறைச்சியை உள்ளே வைத்து மாவு மடிக்க வேண்டும். கடைக்கு மேலே இரண்டு அறை காலியாக இருந்தது. நான் எடுத்துக்கொண்டேன். நான்தான் பேசி, நான்தான் கையெழுத்துப் போட்டேன். போன திங்கட்கிழமையிலிருந்து இங்கே இருக்கிறேன். கீழே அடுப்பு எரிவதால் தரை சூடாக இருக்கிறது. சுடுதண்ணீர் திருகினால் வருகிறது. அறைக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தேன், எதிலும் இடிக்கவில்லை.

நீ வரலாம். ஆனால் இதைப் படித்துவிட்டு யோசித்து வா. வசந்தம் வந்ததும் குழாயை ஒட்டவைத்து, "ஏறு ஹெல்மி" என்று நீ சொன்னால் நான் ஏற மாட்டேன். குளிருக்குப் பயந்து மட்டும் வருவதாக இருந்தால், இம்பியின் தையல் அறை காலியாக இருக்கிறது. அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

ஹெல்மி

*

டிசம்பர் 19

ஹெல்மி,

டாக்டரைப் பார்த்தேன். ஒரு விரல் போகும், ஒன்று தப்பும் என்கிறார். இப்போது வைனோ வீட்டுச் சோபாவில் படுத்து எழுதுகிறேன். உன் பேக்கரி இங்கிருந்து நடக்கும் தூரம்தான். நடந்து வந்து நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. எழுதினால் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்வேன்.

நான் எதற்கு அந்த வண்டியை வாங்கினேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊர் சுற்றும் ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். வேலை பார்த்த நாளில், குளிர்காலத்தில் சுரங்கத்துக்குள் இறங்கும்போதும் இருட்டு, ஏறி வரும்போதும் இருட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பகல். என் வயசெல்லாம் அப்படிப் போனது. சுரங்கத்தை மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள். நான் வெயில் இருக்கிற ஊராகப் பார்த்தேன். எனக்கு வண்டிக்குள் எவ்வளவு இடம் என்பது கண்ணில் படவே இல்லை. நான் உள்ளே இருந்ததே இல்லை. விடிந்தால் வெளியே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். உள்ளே இருந்தது நீ. இதை அந்த இரண்டு நாளில்தான் கண்டுபிடித்தேன். சுரங்கத்திலிருந்து நான் ஏறிவிட்டேன், உன்னை இறக்கிவிட்டேன்.

இப்போது உன் இரண்டு அறைக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பொய் சொல்லப் பிடிக்கவில்லை. அந்த ஜன்னலுக்கு வெளியே டிசம்பர், ஐந்து மணிக்கே இருட்டு. உனக்குக் கீழே வேலை இருக்கிறது. நான் சூடான தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பேன். எனக்கு மூச்சு முட்டும். நிச்சயமாக முட்டும்.

ஆனாலும் வருகிறேன். நாலு குளிர்காலம் நீ என் பெட்டியில் இருந்தாய். நான் உன்னுடையதில் நாலு இருக்கிறேன். அதற்குப் பிறகு ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். வண்டியை விற்கச் சொல்லாதே, அது ஏரிக்கரையில் கிடக்கட்டும். நான் ஏறச் சொல்லமாட்டேன்.

குளிருக்குப் பயந்து வரவில்லை. இந்தச் சோபாவும் சூடாகத்தான் இருக்கிறது.

ஆர்வோ

*

டிசம்பர் 21

ஆர்வோ,

உன் கடிதத்தைக் கடையில் நின்று படித்தேன். மாவு காய்ந்துவிட்டது என்று முதலாளியம்மா சத்தம் போட்டாள்.

நாலுக்கு நாலு என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். நீ சுவரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பாய், நான் அதைப் பார்த்துக்கொண்டே மாவு மடிக்க வேண்டும். ஒரு குளிர்காலம் இரு. அது முடிந்ததும் கேட்போம். முடியவில்லை என்று நீ சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கேட்பேன், முழுசாகக் கேட்பேன்.

நீ பொய் சொல்லவில்லை, அதனால் நானும் பொய் சொல்ல மாட்டேன். இந்த அறைகளை ஒருத்திக்கென்றுதான் எடுத்தேன். இங்கே தனியாக இருந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் மாடியேறி வந்து, விளக்கைப் போடாமல், யாருக்கும் நகராமல் உட்கார்ந்திருந்தேன். நாளை முதல் மேசையைத் தள்ளிப் போட வேண்டும். கதவைத் திறக்கும்போது என் முகத்தில் சிரிப்பு இல்லாவிட்டால், வரவேண்டாம் என்று அர்த்தமில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். உனக்கும் இருக்கும்.

படி கடைக்குப் பின்புறம். நேற்று பெய்தது அதன்மேல் ஐஸாகிவிட்டது, உப்பு தூவி வைக்கிறேன். அந்தக் காலோடு அவசரப்பட்டு ஏறாதே. கீழே நின்று கூப்பிடு, நான் இறங்கி வருகிறேன்.

ஹெல்மி